திடல் கேள்வி – பதில்: பிளேஆஃப் ஆட்டக்காரரை எப்படி அளப்பது?

பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்து வாசகர்கள் இந்த முறை கூடைப்பந்தைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் இரவு 8.30 என்றால் பிளேஆஃப் (சீசன் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகள்) மாதங்களில் நமக்கு மறுநாள் காலை 8.30. அதனால் ஓய்வுபெற்றவர்களும் மாலை ஷிப்ட் ஆட்களும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. ஆட்டத்தை நேரடியாகப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். சிலர் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே எழுதியிருக்கிறார்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

கேள்வி: வழக்கமான சீசனில் ஆட்டத்துக்கு 30 புள்ளி எடுத்தவர் பிளேஆஃபில் 25-க்கு இறங்கிவிட்டார். நெருக்கடி தாங்காத ஆள் என்கிறான் என் பேரன். அப்படிச் சொல்லலாமா?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது, ஐயா. சீசனில் 82 ஆட்டம். பலவீனமான அணிகளும் அதில் உண்டு. பிளேஆஃபுக்கு வருவது 16 அணிகள். ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டம் வரை ஆட வேண்டும். அந்த எதிரணியின் பயிற்றுநர்கள் உங்கள் ஆட்டக்காரர் எந்தக் கையில் பந்தைத் தட்டுகிறார், எந்த மூலையிலிருந்து ஷூட் செய்கிறார் என்று பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்டிருப்பார்கள்.

அதோடு ஆட்டத்தின் வேகமும் பொதுவாகக் குறைகிறது. ஆகவே முதலில் ‘ஆட்டத்துக்கு எத்தனை’ என்பதை விட்டுவிட்டு, ‘100 பொசஷனுக்கு எத்தனை’ என்று பாருங்கள். பொசஷன் என்பது ஓர் அணி பந்தைக் கையில் எடுத்ததிலிருந்து விடும் வரை உள்ள வாய்ப்பு. கூடை விழுந்தாலோ, பந்தைப் பறிகொடுத்தாலோ, தவறிய ஷாட்டை எதிரணி பிடித்தாலோ அது முடிகிறது. தவறியதைச் சொந்த அணியே பிடித்தால் அதே பொசஷன் தொடர்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். சீசனில் அணிக்கு ஆட்டத்துக்கு 102 பொசஷன், இவர் 48 நிமிடத்தில் 36 நிமிடம் ஆடினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் திடலில் இருந்தபோது நடந்தது சுமார் 76.5 பொசஷன். 30 புள்ளி என்றால் 100-க்கு 39.2. பிளேஆஃபில் வேகம் 90-க்கு இறங்கியது, அதே 36 நிமிடம் ஆடினார்: 67.5 பொசஷனில் 25 புள்ளி, 100-க்கு 37. ஆறில் ஒரு பங்கு சரிந்ததாகத் தெரிந்தது உண்மையில் ஐந்தரை விழுக்காட்டுச் சரிவுதான்.

இதற்குப் பிறகு எதிரணியின் தரத்தைக் கழியுங்கள். அந்த அணி சீசன் முழுதும் 100 பொசஷனுக்கு எத்தனை புள்ளி விட்டுக்கொடுத்தது, லீக் சராசரி எத்தனை என்று எடுங்கள். சராசரியைவிட நாலைந்து புள்ளி குறைவாக விட்டுக்கொடுக்கும் அணி என்றால், உங்கள் ஆளின் சரிவில் மிச்சமிருப்பதும் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு பேர் வந்து மறித்ததால் பந்தைத் தோழருக்குக் கொடுத்தாரா? அவருடைய புள்ளி குறைந்து அணியின் புள்ளி கூடியிருந்தால், தன் வேலையைச் செய்துவிட்டார் என்றுதான் பொருள்.

நெருக்கடி தாங்குவாரா என்பதைத் தீர்மானிக்க ஒரு சுற்று போதாது. நான்கைந்து ஆண்டு பிளேஆஃபைச் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பேரனோடு வாதிடுங்கள்.

கேள்வி: ‘ட்ரூ ஷூட்டிங்’ என்று திரையில் போடுகிறார்களே, அதை நாமே கணக்கிட முடியுமா? அதில் வரும் 0.44 எங்கிருந்து வந்தது?
– படிவம் 5 மாணவர்

முடியும், தம்பி. கிடைத்த வாய்ப்புகளை ஓர் ஆட்டக்காரர் எவ்வளவு திறமையாகப் புள்ளியாக்குகிறார் என்பதைச் சொல்லும் அளவு அது. ஃப்ரீ த்ரோ என்பது தவறுக்காகக் கிடைக்கும், யாரும் மறிக்காத ஒரு புள்ளி எறிதல். வாய்பாடு இதுதான்: புள்ளிகள் ÷ [2 × (ஷாட் முயற்சிகள் + 0.44 × ஃப்ரீ த்ரோ முயற்சிகள்)].

2021 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள். மில்வாக்கி பக்ஸ் ஃபீனிக்ஸ் சன்ஸை 105–98 என்று வென்று பட்டம் பெற்ற ஆட்டம் அது. யானிஸ் அன்டெட்டோகும்போ 50 புள்ளி எடுத்தார். 25 ஷாட்டில் 16 விழுந்தன; அவற்றில் ஒன்று மூன்று புள்ளி ஷாட். ஃப்ரீ த்ரோ 19-க்கு 17. வாய்பாட்டில் போடு: 0.44 × 19 = 8.36. அதோடு 25-ஐக் கூட்டினால் 33.36. அதன் இரட்டிப்பு 66.72. 50-ஐ 66.72-ஆல் வகுத்தால் 74.9 விழுக்காடு. 60-ஐத் தாண்டினாலே மிக நல்ல ஆட்டம் என்பார்கள். பட்டம் வெல்லும் இரவில், அத்தனை முயற்சிகளுக்கு நடுவே 75-ஐத் தொடுவது அபாரம். அதே பிளேஆஃப் முழுக்க அவருடைய ஃப்ரீ த்ரோ 60 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்.

இப்போது 0.44. ஒவ்வொரு தவறுக்கும் (ஃபவுலுக்கும்) சரியாக இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தால் எண் 0.5 ஆகவே இருக்கும்; இரண்டு எறிதல் ஒரு வாய்ப்பைத் தின்கிறது. ஆனால் கூடையும் விழுந்து தவறும் கொடுக்கப்பட்டால் கூடுதலாக ஓர் எறிதல் மட்டும் கிடைக்கும். அது புதிய வாய்ப்பைத் தின்னாது. மூன்று புள்ளி ஷாட்டில் இடித்தால் மூன்று எறிதல். டெக்னிக்கல் தவறுக்கு ஓர் எறிதல், பந்தும் கைமாறாது. இவற்றையெல்லாம் என்.பி.ஏ. ஆட்டப் பதிவுகளில் எண்ணிப் பார்த்துச் சராசரியாக எடுத்ததே 0.44. உங்கள் பள்ளி ஆட்டத்துக்கு அது அச்சாகப் பொருந்தும் என்று நினைக்காதே. ஒரே ஆட்டம்தானே, பொசஷனை நேரடியாகவே எண்ணிவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. ஒருவன் 24 ஷாட், 4 ஃப்ரீ த்ரோவில் 24 புள்ளி எடுத்தால் அவனுக்கு 46.6 விழுக்காடு. இன்னொருவன் 9 ஷாட், 4 ஃப்ரீ த்ரோவில் 16 எடுத்தால் 74.3 விழுக்காடு. இரண்டாமவனே சிறந்தவன், பந்தையெல்லாம் அவனிடம் கொடு என்று முடிவு செய்துவிடாதே. முதலாமவனை இரண்டு பேர் மறிப்பதால்தான் இரண்டாமவன் ஆளில்லாத இடத்தில் நின்று ஷூட் செய்கிறான். இதற்காகத்தான் ‘யூசேஜ்’ என்ற அளவைப் பக்கத்தில் வைக்கிறார்கள். ஓர் ஆட்டக்காரர் திடலில் இருக்கும்போது அணியின் பொசஷன்களில் எத்தனை விழுக்காடு அவருடைய ஷாட்டிலோ ஃப்ரீ த்ரோவிலோ டர்ன்ஓவரிலோ (பந்தைப் பறிகொடுப்பதிலோ) முடிகிறது என்று அது சொல்லும். ஐந்து பேர் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 20. நட்சத்திரங்கள் 30-ஐத் தாண்டுவார்கள். யூசேஜ் 30-க்கு மேல் போய்க்கொண்டே ட்ரூ ஷூட்டிங் 60-க்குக் குறையாமல் நிற்பவர் மிக அரிது. பிளேஆஃபில் இன்னும் அரிது.

கேள்வி: 22 புள்ளி எடுத்த ஆளுக்குப் பக்கத்தில் மைனஸ் 15 என்று போடுகிறார்கள். இது என்ன நியாயம்?
– லாரி ஓட்டுநர்

அவர் திடலில் நின்ற நேரத்தில் அவருடைய அணி எதிரணியைவிட 15 புள்ளி குறைவாக எடுத்தது என்பதுதான் அதன் பொருள். அவர் தோற்கடித்தார் என்று அது சொல்லவில்லை. அவரோடு இன்னும் நால்வர் நின்றார்கள், எதிரே ஐவர் நின்றார்கள். எதிரணியின் முதல் ஐவர் எதிரே நின்றால் ஒரு கணக்கு, மாற்று ஆட்டக்காரர்கள் நின்றால் வேறு கணக்கு. 25 புள்ளி வித்தியாசத்தில் முடிவு தெரிந்துபோன கடைசி நிமிடங்களில் மாற்று ஆட்டக்காரர் இறங்கிச் சேர்க்கும் ப்ளஸ் 8-ம் அதே பத்தியில்தான் ஏறுகிறது.

ஓர் ஆட்டத்து ப்ளஸ்-மைனஸை வைத்து ஆளை எடைபோடுவதை நாங்கள் ஒப்புக்கொள்வதே இல்லை. ஒரு சுற்று முழுதும் சேர்த்தால்கூட எவ்வளவு மெல்லிய நூல் என்பதற்கு 2016 இறுதிச் சுற்று போதும். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும் கிளீவ்லண்ட் கவேலியர்ஸும் ஆறு ஆட்டம் ஆடி முடித்தபோது தலா 610 புள்ளி. ஒரு புள்ளி வித்தியாசம்கூட இல்லை. ஏழாவது ஆட்டமும் 89–89 என்று நின்றது. கிளீவ்லண்டின் கைரி இர்விங் 53 விநாடி இருக்கும்போது போட்ட மூன்று புள்ளி ஷாட் முட்டுக்கட்டையை உடைத்தது; கிளீவ்லண்ட் 93–89 என்று வென்றது. அந்தப் பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிருந்தால் பலருடைய ப்ளஸ்-மைனஸும் பேரும் வேறாக இருந்திருக்கும். அதே சுற்றில் கிளீவ்லண்டின் லெப்ரான் ஜேம்ஸ் புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடித்தல்), அசிஸ்ட் (தோழர் கூடை போடப் பந்து கொடுத்தல்), ஸ்டீல் (பந்தைப் பறித்தல்), பிளாக் (ஷாட்டைத் தட்டிவிடுதல்) ஐந்திலும் இரண்டு அணியையும் சேர்த்து முதலிடத்தில் இருந்தார். ஒரு சுற்றில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். அது ஒரே ஷாட்டில் தலைகீழாகிற எண் இல்லை.

ப்ளஸ்-மைனஸைப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஆளுக்குப் பார்க்காமல் ஐவர் கூட்டணிக்குப் பாருங்கள். இந்த ஐவர் சேர்ந்து நின்ற பொசஷன்கள் எத்தனை, 100-க்கு எத்தனை எடுத்தார்கள், எத்தனை விட்டார்கள்? பெரிய அணிகளின் கணிப்பாளர்கள் திடலில் நின்ற பத்துப் பேரையும் ஒரே சமன்பாட்டில் போட்டு, ஒவ்வொருவரின் பங்கையும் பிரித்தெடுக்கிறார்கள். அதற்குப் பல்லாயிரம் பொசஷன் வேண்டும். பிளேஆஃப் மட்டும் அவ்வளவு தராது. ஆகவே சீசனையும் முந்திய ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: 2018-இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் தொடர்ந்து 27 மூன்று புள்ளி ஷாட்டைத் தவறவிட்டது. கணக்குப் பார்த்து ஆடியதால்தானே அந்தக் கதி?
– கடைக்காரர்

மேற்கு மண்டல இறுதியின் ஏழாவது ஆட்டம் அது. அன்று ராக்கெட்ஸ் 44 மூன்று புள்ளி ஷாட் முயன்று 7 மட்டுமே போட்டது. இடைவேளையில் 54–43 என்று முந்தி நின்ற அணி 92–101 என்று தோற்றது.

அந்த சீசனில் அவர்களுடைய மூன்று புள்ளி விகிதம் சுமார் 36 விழுக்காடு. 44 முயற்சிக்கு 16 கிட்ட விழ வேண்டும். அந்தத் தரத்தில் உள்ள அணி 44-க்கு 7 அல்லது அதற்கும் கீழே போகும் நாள் ஆயிரத்தில் ஐந்துக்கும் குறைவு. 27 ஷாட் வரிசையாகத் தவறுவதற்கு 0.64-ஐ 27 முறை பெருக்கிப் பாருங்கள். சுமார் 1,70,000-ல் ஒன்று வரும். 44 ஷாட்டுக்குள் அந்த வரிசை 18 இடங்களில் தொடங்கலாம் என்பதால் உண்மையான வாய்ப்பு அதைவிடச் சுமார் ஏழு மடங்கு கூடும். அப்படியும் மிக அரிது.

ஆனால் ‘துரதிர்ஷ்டம்’ என்று சொல்லிவிட்டுப் போவதும் சரியில்லை. இந்தப் பெருக்கல், ஒவ்வொரு ஷாட்டும் சீசன் சராசரி ஷாட்டைப் போன்றதே என்று எடுத்துக்கொள்கிறது. அன்று அப்படி இல்லை. ராக்கெட்ஸின் கிறிஸ் பால் தொடைத் தசைக் காயத்தால் கடைசி இரண்டு ஆட்டமும் இறங்கவில்லை. பந்தை ஏந்தும் சுமை ஜேம்ஸ் ஹார்டன் தோளில் ஏறியது. கால் களைத்தால் தூர ஷாட் முன்வளையத்தில் அடிக்கும். இதனால்தான் விழுந்ததா இல்லையா என்பதோடு நிற்காமல் ஷாட்டின் தரத்தையும் அளக்கிறார்கள்: மறிப்பவர் எத்தனை அடியில் நின்றார், பந்தை வாங்கியவுடன் எறிந்தாரா, தட்டிக்கொண்டு வந்து எறிந்தாரா, 24 விநாடிக் கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம். 2013–14 சீசனிலிருந்து என்.பி.ஏ. அரங்குகள் எல்லாவற்றிலும் கூரையில் கேமராக்கள் வைத்து, விநாடிக்கு 25 முறை ஆட்டக்காரர்களின் இடத்தைக் குறித்தார்கள். இப்போதுள்ள முறை உடலின் மூட்டுகளைக்கூடப் பின்தொடர்கிறது.

ஷாட்டின் தரம் நன்றாக இருந்து விழவில்லை என்றால் அடுத்த ஆட்டத்திலும் அதையே ஆடு என்பார் பயிற்றுநர். தரமே கெட்டுப்போயிருந்தால் திட்டத்தை மாற்றுவார். ஏழாவது ஆட்டத்தின் கொடுமை என்னவென்றால் அடுத்த ஆட்டம் கிடையாது. மூன்று புள்ளி ஷாட்டை நம்பும் அணிக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் ஏற்ற இறக்கம் அதிகம். அது அந்த ஆட்டமுறையோடு கூடவே வருவது. கணக்கின் பிழை என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

கேள்வி: தடுப்பாட்டத்தை எப்படித்தான் அளக்கிறார்கள்? ஸ்டீல், பிளாக் இரண்டும் போதுமா?
– உடற்கல்வி ஆசிரியர்

போதவே போதாது. ஸ்டீலுக்காகத் தாவுகிறவன் தவறும்போதெல்லாம் அவனுடைய ஆள் சும்மா நடந்துபோய்ப் பந்தைப் போடுகிறான். அது எந்தப் பத்தியிலும் ஏறாது. என்.பி.ஏ. இப்போது மறிக்கப்பட்ட ஷாட், கைபட்டுத் திசைமாறிய பந்து, உருண்டு ஓடிய பந்தை மீட்டது, மோதலைத் தாங்கி எதிரணிக்குத் தவறு வாங்கிக்கொடுத்தது ஆகியவற்றையும் தனியாக எண்ணுகிறது. இவை உதவும். ஆனால் பிளேஆஃபில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: எதிரணி யாரைத் தேடிப்போய்த் தாக்குகிறது?

2021-இல் யூட்டா ஜாஸின் ரூடி கோபேர் ஆண்டின் சிறந்த தடுப்பாளர் விருதை மூன்றாவது முறை வாங்கியிருந்தார். கூடைக்கடியில் அவர் நின்றால் எதிரணிகள் உள்ளே வரவே தயங்கும். சீசன் எண்கள் அனைத்தும் அவர் பக்கம். இரண்டாம் சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் உயரமான ஆளை எடுத்துவிட்டு, ஐந்து பேரும் தூரத்திலிருந்து ஷூட் செய்யும் அணியை இறக்கியது. கோபேர் கூடையைக் காப்பதா, மூலையில் நிற்பவரை மறிப்பதா என்று ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கைவிட வேண்டியதாயிற்று. ஆறாவது ஆட்டத்தில் 25 புள்ளி பின்தங்கியிருந்த கிளிப்பர்ஸ் 131–119 என்று வென்று சுற்றை முடித்தது. மூலையில் காத்திருந்த டெரன்ஸ் மான் 39 புள்ளி எடுத்தார். மூன்று புள்ளி ஷாட் 10-க்கு 7.

கோபேர் மோசமான தடுப்பாளர் என்று இதிலிருந்து படிக்காதீர்கள். வெளிவட்டத்தில் அவருடைய தோழர்கள் ஆளை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் ஒருவர் இரண்டு பேருடைய வேலையைச் செய்தார். சீசன் எண் 29 எதிரணிகளுக்கு எதிரான சராசரி, பிளேஆஃப் கேள்வியோ ஒரே எதிரணியைப் பற்றியது. எந்த எதிரணிக்கு எதிரே, எந்த நால்வரோடு, எந்த இடத்தில் நிறுத்தினால் என்று கேட்காமல் தடுப்பாட்டத்துக்கு மதிப்பெண் போட முடியாது.

உங்கள் பள்ளி அணிக்கு எளிய வழி உண்டு. எதிரணி ஒவ்வொரு முறை புள்ளி எடுக்கும்போதும் முதலில் கடந்துவிடப்பட்ட நம் ஆளின் எண்ணைக் குறியுங்கள். கடைசியில் கையைத் தூக்கியவன் எண்ணைக் குறிக்காதீர்கள். உதவிக்கு ஓடிவந்தவனுக்கே பழி விழுவதுதான் பள்ளி ஆட்டங்களில் நாம் பார்க்கும் பெரிய அநியாயம்.

கேள்வி: பில் ரஸ்ஸல், நிகோலா யோகிச் இருவரையும் எண்ணால் ஒப்பிட முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

முடியாது. ஸ்டீலையும் பிளாக்கையும் என்.பி.ஏ. 1973–74 முதல்தான் குறிக்கத் தொடங்கியது. பாஸ்டன் செல்டிக்ஸின் ரஸ்ஸல் 1969-லேயே ஓய்வுபெற்றுவிட்டார். ஷாட்டைத் தடுக்கும் அவருடைய தலையாய திறமைக்குப் பதிவே இல்லை. மூன்று புள்ளிக் கோடு வந்ததோ 1979-இல். டென்வர் நக்கெட்ஸின் யோகிச் 2023 பிளேஆஃபில் மொத்தப் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் முதலிடம் பிடித்தார்; 20 ஆட்டத்தில் 600 புள்ளி, 269 ரீபவுண்ட், 190 அசிஸ்ட். அதற்கு முன் யாரும் செய்யாதது. ரஸ்ஸலிடம் 11 பட்டங்கள். இரண்டையும் அதனதன் காலத்தில் வைத்துப் போற்றுவதே முறை.

கேள்வி: தோட்டத்துப் பிள்ளைகள் 12 பேரை வைத்து 18 வயதுக்குட்பட்ட அணி நடத்துகிறோம். கேமரா இல்லை, கணினி இல்லை. எங்களால் என்ன அளக்க முடியும்? மாவட்டப் போட்டியில் உதவுமா?
– இளையோர் அணிப் பயிற்றுநர்

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை ஒதுக்கினோம் என்று சொல்லலாம். சீனப்பள்ளிப் பிள்ளைகள் சிறு வயதிலிருந்தே திடலில் வளர்கிறார்கள். நம் பிள்ளைகளில் பலர் படிவம் 1-இல்தான் பந்தைத் தொடுகிறார்கள். அந்த இடைவெளியைக் குறைக்க எதைப் பயிற்சி செய்வது என்று தெரிய வேண்டும். அதை எண்கள் காட்டும்.

நடுவர் மேசையில் எழுதப்படும் தாளை நம்பாதீர்கள். அதில் புள்ளி, தவறு, டைம்அவுட் இருக்கும். தவறிய ஷாட், ரீபவுண்ட், டர்ன்ஓவர் இருக்காது. உங்களுக்கென்று மூன்று பேர் வேண்டும். ஒருவர் கண்ணை எடுக்காமல் ஆட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: ‘ஏழு, இடது மூலை, தவறியது, எதிரணி ரீபவுண்ட்.’ இரண்டாமவர் எழுதுவார். மூன்றாமவர் ஆள் மாற்றத்தையும் அப்போதைய புள்ளியையும் மட்டும் குறிப்பார். ஒரே ஆள் பார்த்து எழுதினால் குனியும்போது நடப்பது போய்விடும். பெரும்பாலும் விட்டுப்போவது டர்ன்ஓவர்தான். இறங்காத மாற்று ஆட்டக்காரர்களை இதற்கு உட்காரவையுங்கள். அவர்களுக்கு ஆட்டத்தைப் படிக்கும் கண் வரும்.

கட்டம் போட்ட பயிற்சிப் புத்தகமும் இரண்டு நிறப் பேனாவும் போதும். ஒரு கால் பகுதிக்கு ஒரு பக்கம். பக்கத்தின் மேல்பாதியில் அரைத் திடலை வரைந்து ஐந்து பகுதியாகப் பிரியுங்கள்: கூடைக்கடி, தடைப்பகுதியின் (கூடைக்கு முன் கோடிட்ட கட்டம்) மற்ற இடம், நடுத்தூரம், மூலையில் மூன்று புள்ளிப் பகுதி, மேலே மூன்று புள்ளிப் பகுதி. ஷாட் எடுத்த இடத்தில் சட்டை எண்ணை எழுதி, விழுந்தால் வட்டம், தவறினால் பெருக்கல் குறி. கீழ்ப்பாதியில் ஒவ்வொரு பொசஷனுக்கும் ஒரு வரி. அது எப்படி முடிந்தது என்று ஒரே எழுத்தில்.

தவறு நேரும் இடங்கள் சில. ஷூட் செய்யும்போது இடிக்கப்பட்டு, பந்தும் விழவில்லை என்றால் அதை ஷாட் முயற்சியாக எழுதக் கூடாது. பிளாக் ஆன ஷாட் முயற்சியில் சேரும். கூடைக்கடியில் மூன்று முறை தட்டிப் பார்த்தால் அது மூன்று முயற்சி. தவறிய முதல் இரண்டையும் பிடித்தவருக்கு இரண்டு தாக்குதல் ரீபவுண்ட். தவறிய பந்து எதிரணி கையில் பட்டு வெளியே போனால் தனி ஆளுக்கு ரீபவுண்ட் இல்லை, அணிக்கு உண்டு. அதை விட்டுவிட்டால் பொசஷன் கணக்கு இடிக்கும். சரிபார்க்கும் வழி: பொசஷன் மாறிமாறித்தான் வரும் என்பதால் ஒரு கால் பகுதியில் இரு அணியின் எண்ணிக்கைக்கும் வித்தியாசம் 1-க்கு மேல் வரக் கூடாது. வந்தால் எங்கோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. சூடு ஆறுமுன் மூன்று பேரும் சேர்ந்து தேடுங்கள்.

ஆட்டம் முடிந்தபின் நான்கு எண் போதும். கூடைப்பந்துப் புள்ளியியலாளர் டீன் ஆலிவர் 2004-இல் தொகுத்துக் கொடுத்த நான்கு காரணிகள் இவை; முக்கியத்துவமும் இதே வரிசையில்தான். முதலாவது, சரிப்படுத்திய ஷூட்டிங்: விழுந்த ஷாட்டோடு விழுந்த மூன்று புள்ளி ஷாட்டில் பாதியைக் கூட்டி, மொத்த முயற்சியால் வகுக்க வேண்டும். இரண்டாவது, 100 பொசஷனுக்கு எத்தனை டர்ன்ஓவர். மூன்றாவது, நாம் தவறவிட்டவற்றில் எத்தனை பங்கை நாமே பிடித்தோம். நான்காவது, ஷாட் முயற்சிக்கு எத்தனை ஃப்ரீ த்ரோ போட்டோம். ஆலிவர் இவற்றுக்குக் கொடுத்த எடை முறையே 40, 25, 20, 15 விழுக்காடு. அது என்.பி.ஏ.வுக்கு. இளையோர் ஆட்டத்தில் டர்ன்ஓவருக்கு அதைவிடக் கூடுதல் எடை கொடுங்கள் என்பது எங்கள் கருத்து. பந்தைப் பறிகொடுத்தால் எதிரே ஆளே இல்லாமல் ஓடிப்போய்ப் போடுகிறார்கள். அது நமக்கு ஒரு வாய்ப்பு இழப்பு, அவர்களுக்கு மிகச் சுலபமான வாய்ப்பு.

மாதிரிக்கு ஒரு கணக்கு: 58 ஷாட், 12 ஃப்ரீ த்ரோ, 9 தாக்குதல் ரீபவுண்ட், 14 டர்ன்ஓவர், 52 புள்ளி. பொசஷன் = 58 − 9 + 14 + (0.44 × 12), அதாவது 68.3. 100-க்கு 76 புள்ளி. டர்ன்ஓவர் 100-க்கு 20.5, ஐந்தில் ஒரு வாய்ப்பு ஷூட் செய்யாமலே போகிறது. இந்த அணிக்கு அடுத்த வாரம் ஷூட்டிங் பயிற்சியைவிட, நெருக்கும் எதிரணியை வைத்துப் பந்தைக் கடத்தும் பயிற்சியே பலன் தரும்.

திடல் வரைபடத்தையும் புள்ளியாக மாற்றுங்கள். கூடைக்கடியில் 60 விழுக்காடு விழுந்தால் ஷாட்டுக்கு 1.2 புள்ளி, நடுத்தூரத்தில் 35 என்றால் 0.7, மூன்று புள்ளியில் 30 என்றால் 0.9. ஃபீபா (அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) திடலில் மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர், மூலையில் 6.60, என்.பி.ஏ.வில் 7.24. தொலைக்காட்சியில் பார்க்கும் விழுக்காட்டை உங்கள் பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். சிமெண்டுத் திடலில் காற்றிலும் மழை ஈரத்திலும் எடுத்த எண்களை மண்டபத்துக்குள் எடுத்ததோடு கலக்கவும் வேண்டாம். தனிப் பக்கம் போடுங்கள்.

மாவட்டப் போட்டியில் ஒரே அணியோடு ஏழு ஆட்டம் ஆடப் போவதில்லை. இரண்டு நாளில் மூன்று நான்கு அணிகள். ஆகவே எதிரணியைப் பற்றி மூன்றே விஷயம் எடுங்கள். பந்தைக் கொண்டுவருபவர் எந்தக் கையை அதிகம் பயன்படுத்துகிறார்? தூரத்திலிருந்து உண்மையாகவே ஷூட் செய்யக்கூடியவர் யார் யார்? ஸ்கிரீன் வைக்கும்போது (தோழரை மறிப்பவரின் வழியில் ஒருவர் தடையாக நிற்கும்போது) ஆளை மாற்றிக்கொள்கிறார்களா, துரத்துகிறார்களா? அவர்களுடைய முந்திய ஆட்டத்தின் முதல் பாதியைப் பார்த்தாலே மூன்றுக்கும் விடை கிடைக்கும். பிள்ளைகளிடம் அதற்கு மேல் சொன்னால் திடலில் யோசித்துக்கொண்டு நிற்பார்கள்.

கேள்வி: கடைசி நிமிடத்தில் ஜொலிப்பவர் என்று சிலரைச் சொல்கிறார்கள். அதற்கு அளவு உண்டா?
– மருந்தக ஊழியர்

உண்டு. என்.பி.ஏ. கணக்கில் கடைசி 5 நிமிடம், வித்தியாசம் 5 புள்ளிக்குள் என்றால் அது ‘கிளட்ச்’. ஒரு பிளேஆஃபில் ஓர் ஆட்டக்காரருக்கு அப்படி முப்பது நாற்பது ஷாட் கிடைத்தாலே பெரிது. அதை வைத்துச் சிலாகிக்கலாம், சம்பளம் நிர்ணயிக்கக் கூடாது.

கேள்வி: என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். மூன்று ஆட்டத்தில் 9 தூர ஷாட்டில் ஒன்றுதான் விழுந்தது. இனிமேல் தூரத்திலிருந்து எறியாதே என்று சொல்லிவிட்டார்களாம். அழுகிறாள். எண் அப்படித்தான் சொல்கிறதா?
– ஒரு தாயார்

இல்லை அம்மா. 30 விழுக்காடு போடக்கூடிய நல்ல இளம் ஆட்டக்காரிகூட 9 முயற்சியில் ஒன்று அல்லது பூஜ்யம் போடுவது ஐந்தில் ஒரு தடவை நடக்கும். அதில் குறையென்று காட்ட எதுவும் இல்லை. 36 விழுக்காட்டு ஆளுக்கு 40 ஷாட் எடுத்தாலும் 7 அல்லது 8 விழுக்காடு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஆடுவது சர்வசாதாரணம். ஒன்பதை வைத்து ஒரு பிள்ளையின் கையைக் கட்டுவது தவறு என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

அந்த 9 ஷாட் எப்படிப்பட்டவை என்று கேளுங்கள். ஆள் மறித்து நின்றாரா, கால் இரண்டும் ஊன்றியிருந்ததா, பந்தைத் தோளுக்குக் கீழே வாங்கினாளா? பயிற்சியில் பெண்களுக்கான 6-ஆம் எண் பந்தைத்தான் தருகிறார்களா என்றும் பாருங்கள். 7-ஆம் எண் பந்தில் பழகிவிட்டு ஆட்டத்தில் 6 வந்தால் தூரம் பிசகும். பிறகு நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், ஐந்து இடங்களில் இடத்துக்கு 10 என்று எறிந்து எழுதச் சொல்லுங்கள். மொத்தம் 400 வரும். பந்தைத் தோழி எறிந்து கொடுக்க வேண்டும். தானே எடுத்து எறிந்தால் ஆட்டத்துக்குப் பொருந்தாது. களைத்த காலோடு எறிந்ததும் தெரிய வேண்டும், ஆகவே பாதியைப் பயிற்சியின் தொடக்கத்திலும் பாதியை முடிவிலும் எறியட்டும். எந்த மூலையில் விழுகிறது, எதில் விழவில்லை என்பது அப்போது தெரியும். அந்தத் தாளைப் பயிற்றுநரிடம் பயிற்சி நாளன்று கொடுங்கள், ஆட்ட நாளில் வேண்டாம். இரண்டு மூலைகளில் மட்டுமாவது எறிய அனுமதி கேளுங்கள்.